கோட்டை சாரும் நடந்து போன ராஜாவும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. செஸ் பற்றியது. செஸ் தெரியாத அத்தை, சித்தி எல்லாம் நடுவில் வரும் ஆட்ட விவரங்களைத் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கடைசிப் பகுதியை மட்டும் படித்துவிடுங்கள். அது ஒரே ஒருவனுக்காக எழுதியது. அவன் இதைப் பார்ப்பானா என்று தெரியாது. உங்களில் யாருக்காவது அவன் இருக்கிற இடம் தெரிந்தால் அனுப்பி வையுங்கள். பெயர் எழுத மாட்டேன். அவனோடு படித்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

போன மாதம் 1996-இல் பத்தாம் வகுப்பு முடித்த செட் ஒன்றுகூடினீர்கள் அல்லவா, அங்கிருந்துதான் இது ஆரம்பம். மண்டபத்துக்குள் நான் நுழைந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், கோட்டை சார் வந்துட்டார்டா!" எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தப் பட்டப்பெயர் எனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தீர்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை. கணக்கு வாத்தியாருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பெயருக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் லேப் பக்கத்து அறையில் நாலு பலகை போட்டு உங்களுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பேன். ஒவ்வொரு பலகையாக வந்து நின்று ஒரே கேள்வி கேட்பேன்: "கோட்டை கட்டினியா?" பத்து நடைக்குள் ராஜாவை மூலைக்கு அனுப்பி, யானையை நடுவுக்குக் கொண்டுவந்து, முன்னால் மூன்று சிப்பாய்களை வேலி மாதிரி நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் தலையில் ஒரு குட்டு. "ராஜா வீட்டை விட்டு வெளியே வந்தா செத்தான்" என்பது என் வேதவாக்கு.

எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது என் சித்தப்பா, திண்ணையில் வைத்து. அவர் ஆடியது நம் பழைய நாட்டு முறை. அதில் கோட்டை கட்டுவதே கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்குவதற்கு முன் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவி ஒதுங்கிக்கொள்ளலாம். சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். அந்தத் தாவலை எப்போது செலவழிப்பது என்று சித்தப்பா வெற்றிலையை மென்றுகொண்டே அரைமணி நேரம் யோசிப்பார். பின்னால் புத்தகம் பார்த்து சர்வதேச விதிகளைப் படித்தபோது தாவல் போய் கோட்டை வந்தது. ராஜா ஒளிய வேண்டியவர் என்கிற எண்ணம் மட்டும் மாறவில்லை.

ஊரடங்கு காலத்தில் என் பேரன் போனில் ஒரு ஆட்டத்தைக் காட்டினான். "தாத்தா, இந்த ராஜா பண்றதைப் பாருங்க" என்றான். பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஆட்டம்.

1991. நெதர்லாந்தில் தில்பர்க் என்கிற ஊர். வெள்ளைக் காய் நைஜல் ஷார்ட், இங்கிலாந்துக்காரர், 26 வயது. இரண்டு வருடம் கழித்து காஸ்பரோவோடு உலகப் பட்டத்துக்கு ஆடினாரே, அவர்தான். கறுப்பு யான் டிம்மன், அந்த நாட்டுக்காரர், உலகத்தின் முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர். சப்பை ஆளைக் கூட்டி வைத்துக்கொண்டு காட்டிய வித்தை இல்லை இது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

29-வது நடையில் ஷார்ட்டின் ராணி எஃப்6 கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கறுப்பு ராஜாவின் வாசற்படி அது. அங்கிருந்து ஜி7-க்கு வந்தால் செக்மேட். ஆனால் தனியாக வர முடியாது, ராஜாவே அடித்துவிடுவார். துணைக்கு ஒரு காய் வேண்டும். பக்கத்தில் இருந்தது எஃப்3-இல் நின்ற குதிரை. அது அசைந்தால் ஆபத்து. கறுப்பு ராணியும் அதன் பின்னால் பிஷப்பும் ஒரே கோணத்தில் நின்று வெள்ளை ராஜாவின் பக்கம் குறிபார்த்துக்கொண்டிருக்கின்றன. குதிரை விலகினால் ராணி ஜி2-இல் இறங்கி வெள்ளைக்கு செக்மேட். யானைகள் இரண்டும் டி வரிசையில் வேலையாக இருக்கின்றன. எச்4-க்குச் சிப்பாயை நகர்த்தினார் ஷார்ட். டிம்மன் எச்5 வைத்து அதற்கு மேல் வரவிடாமல் நிறுத்தினார். நியாயமான நடை. ஆனால் அந்தச் சிப்பாய் முன்னால் போனதால் ஜி5 கட்டத்தை அடிக்க அவரிடம் இனி சிப்பாய் இல்லை.

ஆக, ராணிக்குத் துணை போக ஆள் இல்லை. வீட்டில் சும்மா இருப்பவர் ஒருவர்தான்.

31-வது நடை: ராஜா ஜி1-லிருந்து எச்2.
32: ஜி3.
33: எஃப்4.
34: ஜி5.

பலகையில் இரண்டு ராணிகள், நாலு யானைகள், ஒரு பிஷப், ஒரு குதிரை. அத்தனை ஆயுதங்களுக்கு நடுவில் ராஜா தெருவில் நடந்து போகிறார். டிம்மன் என்ன செய்தார் தெரியுமா? யானையை இரண்டு கட்டம் தள்ளி வைத்தார். அடுத்த நடையில் அதையே திரும்பக் கொண்டுவந்து வைத்தார். செய்வதற்கு அவரிடம் வேறு நல்ல காரியம் இல்லை. கடைசியில் பிஷப்பைப் பின்னுக்கு இழுத்து டி7-இலிருந்த யானையை மிரட்டினார். ராஜா ஜி5-க்கு வந்தார். டிம்மன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். யானையை அடித்தால் ராஜா எச்6-க்கு வருவார், அதன்பின் ராணி ஜி7-இல் செக்மேட், தடுக்க வழியில்லை. கறுப்பு ராஜா எச்7-க்கு ஏறி எதிர்கொள்ளலாமே என்றால், வெள்ளை ராணி ஜி6 சிப்பாயை அடித்து செக் வைக்கும். பக்கத்தில் எஃப்7-இல் நிற்கும் சிப்பாயால் ராணியை அடிக்க முடியாது, நகர்ந்தால் டி7 யானையின் பார்வை நேராக அதன் ராஜா மேல் விழும். ராஜாவே அடிக்கவும் முடியாது, ராணிக்குக் காவல் யார்? ஜி5-இல் நிற்கும் நம்ம ராஜா.

இதைப் பேரன் "செம தைரியம் தாத்தா" என்றான். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். மறுநாள் பலகையை எடுத்து வைத்து நிதானமாகப் பார்த்தபோதுதான் வேறு ஒன்று கண்ணில் பட்டது. ஜி1, எச்2, ஜி3, எஃப்4, ஜி5, போகப்போகிற எச்6, இவை எல்லாமே கறுப்புக் கட்டங்கள். ஒன்றுவிடாமல். டிம்மனிடம் மிஞ்சியிருந்த ஒரே பிஷப் வெள்ளைக் கட்டத்தில் மட்டும் போகிற பிஷப். ராஜா போகிற பாதையில் அதனால் ஜென்மத்துக்கும் செக் வைக்க முடியாது. கறுப்புக் கட்டத்து பிஷப்பை 27-வது நடையிலேயே ஷார்ட் மாற்றி அடித்து வெளியே அனுப்பியிருந்தார். ராணியோ சி7 சிப்பாயையும் பி7 பிஷப்பையும் காத்துக்கொண்டு கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கிறது. யானைகள் வெளியே வர டி வரிசை வேண்டும், அதை வெள்ளை அடைத்துவிட்டது.

அதாவது ஷார்ட் கேட்ட கேள்வி "என் ராஜா வீட்டில் இருக்கிறாரா" என்பதல்ல. "எனக்கு யாரால் செக் வைக்க முடியும்?" என்பது. ஒவ்வொரு காயாக எண்ணிப் பார்த்து, யாராலும் முடியாது என்று தெரிந்த பிறகு நடந்திருக்கிறார். தைரியம் என்று பெயர் வைக்கலாம். எனக்கென்னவோ இது நல்ல கணக்கு என்றே படுகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு நடையும் உண்டு. 1912, லண்டன். எட்வர்ட் லாஸ்கர் என்பவர் (உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்) சர் ஜார்ஜ் தாமஸோடு ஆடிய ஆட்டம். 11-வது நடையில் லாஸ்கர் தன் ராணியையே எச்7-இல் பலி கொடுத்தார். அதை அடித்த கறுப்பு ராஜாவை அதன்பின் விடவே இல்லை. செக், செக், செக் என்று குதிரையும் சிப்பாயும் பிஷப்பும் யானையும் முறைவைத்து விரட்டின. எச்6, ஜி5, எஃப்4, எஃப்3, ஜி2, கடைசியில் ஜி1. ராஜா தன் ஊரிலிருந்து எதிரி ஊரின் கடைசி வரிசை வரைக்கும் இழுத்து வரப்பட்டார். 18-வது நடையில் வெள்ளை ராஜா ஒரு எட்டு நகர்ந்து வழிவிட, பின்னாலிருந்த யானையின் பார்வை பட்டு செக்மேட். அந்த இடத்தில் கோட்டை கட்டியிருந்தாலும் செக்மேட்தான்! கோட்டை கட்டியே செக்மேட் வைக்கக் கிடைத்த வாய்ப்பை ஒரு மனிதர் விட்டுவிட்டார் என்று கோட்டை சாருக்கு இன்றும் வருத்தம்.

அந்தத் தாமஸ் யார் என்று விளையாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பாட்மிண்டனில் தாமஸ் கோப்பை என்று இருக்கிறதே, 2022-இல் நம் நாடு ஜெயித்தது, அது இவர் பெயரால்தான். செஸ்ஸிலும் பிரிட்டனின் சாம்பியனாக இருந்தவர். தோற்ற ஒரே ஆட்டத்தால் செஸ் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

இரண்டு ராஜாக்களும் வெட்டவெளியில் நடந்தவர்கள். ஒருவர் ஒவ்வொரு எட்டும் செக் வாங்கிக்கொண்டே நடந்தார். இன்னொருவர் ஒரு செக் கூட வாங்காமல் நடந்தார். நான் 30 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது தாமஸின் ராஜாவைப் பற்றி மட்டும்தான்.

இத்தனைக்கும் இது புதிய சங்கதியும் இல்லை. முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ், ஐந்தாவது நடையிலேயே ராஜாவை இ2-க்கு ஏற்றி நிறுத்துகிற ஒரு தொடக்க முறையை வேண்டுமென்றே ஆடினார், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பெட்ரோசியன் 1960-இல் ஹாம்பர்கில் உன்சிக்கரோடு ஆடும்போது, ராஜாவை முதல் வரிசையிலேயே ஒவ்வொரு கட்டமாக நடத்தி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி பி1 வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். எதிராளியோ தன் ராஜாவை இரண்டு கட்டங்களுக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ராஜா பத்திரமாக ஊர் மாறிய பிறகுதான் பெட்ரோசியன் பழைய இடத்திலிருந்த சிப்பாய்களைப் போருக்கு அனுப்பினார். வீட்டைக் காலி செய்துவிட்டு இடிக்க ஆரம்பித்த மாதிரி! எனக்கு ஷார்ட்டைவிட இதுதான் மனசுக்குப் பிடித்தது. சுபாவம் அப்படி.

சரி. தூக்கம் வராத கதைக்கு வருகிறேன்.

தம்பி, 1994-இல் நீ ஒன்பதாம் வகுப்பு. மில்லிலிருந்து உன் அப்பா சைக்கிளில் வந்து கூட்டிப்போகும் வரைக்கும் கடைசியாகக் கிளம்புகிறவன் நீதான். அன்றைக்கு உன்னோடு நானே ஆடினேன். உனக்கு வெள்ளை. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று பார்த்தார்கள். நடுவில் சிப்பாய்கள் எல்லாம் முட்டிக்கொண்டு பூட்டு விழுந்துவிட்டது. என் ராணி அந்தக் கோடியில் ஒரு சிப்பாயைத் தின்னப் போய் மாட்டிக்கொண்டிருந்தது. நீ ராஜாவை எடுத்து எஃப்2-லிருந்து ஜி3 வைத்தாய். அடுத்து எச்4. நான் ஒன்றும் சொல்லவில்லை, முறைத்தேன். அடுத்து எச்5.

"என்னடா இது, ராஜா ஊர் சுத்தறாரா?" என்றேன்.

பசங்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாய்: "உங்களால செக் வைக்க முடியாது சார்."

அதை எதிர்ப்பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். "எடு. எடுத்துப் பின்னால வை. அடிப்படையே தெரியாம பெரிய ஆட்டக்காரன் மாதிரி..." என்று ஆரம்பித்து என்னவெல்லாமோ சொன்னேன். முழுதும் ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கும். நீ ராஜாவை ஜி3-க்குத் திரும்ப வைத்தாய். அந்த ஆட்டத்தில் நீ தோற்றாய். இரண்டு வாரம் வந்தாய், பிறகு வரவில்லை. டியூஷன் இருக்கு சார் என்று சொன்னாய். உனக்கு டியூஷன் இல்லை என்று எனக்கும் தெரியும்.

பேரன் காட்டிய ஆட்டத்தைப் பார்த்த அன்று ராத்திரி என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது நீ சொன்ன அந்த ஒரு வரிதான். பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். வீட்டில் திட்டு விழுந்தது, வயசான காலத்தில் எதற்கு என்று. அதில் உங்கள் எல்லார் ஆட்டங்களும் எழுதிய நாற்பது பக்க நோட்டுகள் இருக்கின்றன. உன் நோட்டும் இருந்தது. உன் கையெழுத்துதான். 31-வது நடை, கே எச்5 என்று எழுதி, அதன்மேல் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கே ஜி3 என்று எழுதியிருக்கிறாய். அடித்ததும் நன்றாகப் படிக்க முடிகிறது.

பலகையில் காய்களை வைத்தேன். மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து தேடினேன். என் கறுப்புக் காய்கள் ஒவ்வொன்றாக எடுத்து, இதால் முடியுமா, அதால் முடியுமா என்று. முடியவில்லை. ஒரு செக் கூட இல்லை. உன் ராஜா அடுத்து ஜி6-க்கு வந்தால் என் சிப்பாய் விழும், அதன்பின் ஆட்டமே விழும். பேரன் அந்த நிலையைப் போனில் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தான். அதுவும் நீ அடித்து எழுதிய நடையைத்தான் முதலில் காட்டியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்போதே எனக்கு உள்ளுக்குள் தெரியும். எச்5-இல் உன் ராஜா வந்து நின்றதும் நானும் செக் தேடினேன், கிடைக்கவில்லை. சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றார்கள். கணக்கு வாத்தியார் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் தோற்கப் போகிறார். அதனால்தான் சத்தம் போட்டேன். அடிப்படை, ஒழுங்கு என்றெல்லாம் சொன்னது அப்புறம் கண்டுபிடித்த காரணம்.

ஒன்றுகூடலுக்கு நீ வருவாய் என்று நினைத்து நோட்டைப் பையில் வைத்து எடுத்து வந்தேன். யாரிடமும் உன் நம்பர் இல்லை. திருப்பூர்ப் பக்கம் இருக்கிறாய் என்று ஒருவர் சொன்னார், கோயம்புத்தூர் என்று இன்னொருவர். செஸ் ஆடுகிறானா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

நான் செய்தது தப்பு, தம்பி. அத்தனை பேர் முன்னால் செய்தேன், அதனால் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

முன்னறையில் ஜன்னல் பக்கத்து மேஜையில் பலகை அப்படியே இருக்கிறது. பேரனையும் தொடவிடுவதில்லை. கே ஜி3-ஐ அடித்துவிட்டேன், உன் ராஜாவை எச்5-இலேயே வைத்திருக்கிறேன். 31-வது நடைக்கு என் பதில்: யானை எஃப்8-லிருந்து இ8. இதைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

உன் நடை.